ஆழ வரிசை

தகவல் கழகச் செயலாளர் மூன்றாம் முறையாக வந்தபோதும் ஊசியம்மா நடைவழியில் தையல் மிஷினோடுதான் இருந்தாள். வாசலுக்கும் சமையலறைக்கும் நடுவே ஓர் ஆள் ஒருக்களித்துப் போகிற அகலம் அது. யார் வந்தாலும் மிஷினைத் தாண்ட வயிற்றை எக்க வேண்டும். செயலாளருடையது எக்கினாலும் அடங்குகிற வயிறு இல்லை. ஆகவே வாசற்படியிலேயே நின்றுகொண்டு, குடையிலிருந்து சொட்டும் தண்ணீர் அவள் தைத்து அடுக்கிய பள்ளிக்கூடக் கால்சட்டைகள் மேல் விழுவதைக் கவனிக்காமல், செத்துப்போன அவள் புருஷனைப் புகழ்ந்துகொண்டிருந்தார்.

ஊசியம்மா என்பது தெரு வைத்த பெயர். தொழிலால் வந்த பெயர் என்று அவள் சொல்லிக்கொள்வாள். நாக்கால் வந்தது என்று தெருவுக்குத் தெரியும்.

"குடையக் கொஞ்சம் அந்தப் பக்கம் பிடிங்க," என்றாள். "புகழ்றதுக்கு எதுக்கு என் துணிய நனைக்கணும்?"

"மன்னிச்சுக்கங்கம்மா. நான் சொல்ல வந்தது, சார் பேர்ல நடக்கிற முதல் நினைவுச் சொற்பொழிவு இது. தகவல் மேலாண்மையின் வரலாறுன்னு தலைப்பு. பெரிய பேராசிரியர் பேசறார். நீங்க முன் வரிசையில உக்காந்துட்டு, கடைசியில ரெண்டு வார்த்தை பேசினாப் போதும்."

"அவரு உசிரோட இருந்தப்ப உங்க கழகத்துலேருந்து ஒருத்தரும் இந்தப் படி ஏறலியே."

"அப்ப எங்களுக்குத் தெரியலைம்மா."

"தகவல் கழகம்னு போர்டு வச்சிருக்கீங்க. ரெண்டு தெரு தள்ளி இருந்த ஆளத் தெரியலையாக்கும்."

செயலாளர் சிரித்தார். எதையும் சிரித்து மழுப்பியே பதவிக்கு வந்தவர் போலிருந்தது.

"சரி, பேசறேன். அந்த பீரோவெல்லாம் எப்ப போகும்? அதச் சொல்லுங்க."

"சனிக்கிழமை கூட்டம். ஞாயித்துக்கிழமை லாரி. கழகத்துல தனி அறையே ஒதுக்கியாச்சு. நீங்க கவலையே படாதீங்க."

"திங்கக்கிழமை எங்க அக்கா வர்றா. அதுக்கு முன்னாடி அந்த ரூம்ல ஒரு துண்டு இரும்பு இருக்கக் கூடாது."

"என் வார்த்தைம்மா," என்று சொல்லிவிட்டு அவர் குடையை உதறினார். இரண்டு கால்சட்டைகள் நனைந்தன.

அவர் வார்த்தையின் எடை அவளுக்குத் தெரியாது. பீரோக்களின் எடை தெரியும். முன்னறை முழுக்கப் பதினோரு இரும்பு பீரோக்கள். ஒவ்வொன்றிலும் மேலிருந்து கீழ்வரை சின்னச் சின்ன டிராயர்கள், டிராயருக்குள் உள்ளங்கை அகலக் கார்டுகள் மூச்சு விட இடமில்லாமல். புருஷன் ஒரு காப்பீட்டுக் கம்பெனியில் ஆவண அறைக்குத் தலைவராக இருந்தவர். பாலிசி எடுத்த ஒவ்வொருவருக்கும் ஒரு கார்டு. பெயர், தொழில், செத்தால் பணம் யாருக்கு. ஆள் வீடு மாறினால், பெண்டாட்டி மாறினால், மேலே ஒரு துண்டுத்தாளை ஒட்டுவார்கள். கம்பெனி கணினி வாங்கியதும் பீரோக்களைப் பழைய இரும்புக்குப் போடச் சொன்னது. இவர் லாரி பிடித்து வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். "ஒரு நாள் கம்பெனி வந்து கேக்கும் பாரு," என்றார். கம்பெனி வரவேயில்லை. வைக்கோல் போரில் படுத்த நாய் மாதிரி பீரோக்கள் முன்னறையைப் பிடித்துக்கொண்டன. அவள் மிஷின் நடைவழிக்குப் போயிற்று. முப்பது வருஷமாகக் குண்டு பல்பின் கீழ் தைத்துத் தைத்து அவள் மூக்குக்கண்ணாடி சோடா பாட்டில் அடியாகிவிட்டது.

வீட்டிலும் அந்த மனிதருக்கு அதே புத்திதான். உப்பு டப்பாவுக்கு எண். பக்கத்து வீட்டுக்காரிக்கு வாணலியை இரவல் கொடுத்தால், வாணலி தொங்கிய ஆணியில் ‘வெளியே போயிருக்கிறது’ என்று அவள் கையெழுத்தோடு ஓர் அட்டை தொங்க வேண்டும். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் மருந்தைத் தேடுவதற்கு முன் போன காய்ச்சல் எந்தத் தேதி என்று தேடுவார். அவரை அவள் வெறுத்தாளா என்றால் இல்லை. மதித்தாளா என்றால் அதுவும் இல்லை. பல்வலியோடு இருப்பது போல இருந்தாள்.

அவர் போன பிறகாவது பீரோக்களைத் தூக்கிப் போட்டிருக்கலாம். ஃபிரிட்ஜ் ரிப்பேர் பார்க்கிற மகன், மாடியில் பெண்டாட்டியோடு இருக்கிறவன், "அப்பா பொருளும்மா" என்று குறுக்கே நின்றான். பிறகு கழகம் மோப்பம் பிடித்து வந்தது. பேராசிரியர் கேமராவோடு வந்து இரண்டு நாள் டிராயர் டிராயராகப் படம் எடுத்தார். நாங்களே எடுத்துக்கொள்கிறோம் என்றார்கள். இதோ அதோ என்று ஒரு வருஷம் ஓடிவிட்டது. இனி ஓட விட முடியாது, ஏனென்றால் அக்கா விழுந்துவிட்டாள்.

அக்கா ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். புருஷன் இல்லை, பிள்ளை இல்லை. குளியலறையில் வழுக்கி இடுப்பெலும்பை முறித்துக்கொண்டு, ஒரு காலத்தில் தான் துணி துவைத்துக் கொடுத்த வார்டிலேயே படுத்திருந்தாள். திங்கட்கிழமை கட்டிலைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். மாடிப்படி ஏறக்கூடாது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் ஊசியம்மா பார்க்கப் போனபோது அக்கா சூப் கிண்ணத்தைத் தள்ளி வைத்திருந்தாள்.

"குடி அக்கா. ஆறிப்போகுது."

"இது சூப்பா? பாத்திரம் கழுவின தண்ணியில உப்பப் போட்டுக் குடுத்திருக்கான். போர்வையப் பாரு, அலசாமலே காயப் போட்டிருக்காங்க. நான் இருந்தப்ப இப்படி நடக்குமா?"

"திங்கக்கிழமை உன்னக் கூட்டிட்டுப் போயிடறேன். முன்ரூம்ல கட்டில் போட்டுடலாம்."

"அங்கதான் உன் வீட்டுக்காரரு குடியிருக்காரே."

"கிளப்பிடறேன்."

"உசிரோட இருந்தப்பவே உன்னால கிளப்ப முடியல. செத்தப்புறம் மாலை வேற போடறாங்க, இனி எங்க கிளம்பப் போறாரு." அக்கா சிரித்தாள். சிரித்தது இடுப்பில் வலித்தது. "தம்பி மகன் வந்திருந்தான். அந்த முதியோர் இல்லத்துல சொல்லி வச்சுட்டானாம். கட்டில் காலியா இருக்காம். அதுல இருந்தவ போன வாரம் செத்தாளாம்."

"நீ என்ன சொன்ன?"

"நான் என்ன சொல்ல. சரின்னேன்." அக்கா போர்வை ஓரத்தை மடித்து மடித்துப் பிரித்தாள். "எனக்கு வலி கூடப் பரவாயில்லடி. பேச ஆளில்லாம இருந்தா நான் ரொம்ப நாள் தாங்க மாட்டேன்னு தோணுது."

அக்கா எதற்கும் பயந்து அவள் பார்த்ததில்லை. கொதிக்கிற தண்ணீர்த் தொட்டி மேல் நின்று வேலை செய்தவள். ஊசியம்மா கிண்ணத்தை எடுத்து அக்கா பக்கம் நகர்த்தினாள்.

"சூப்பக் குடி," என்றாள். "திங்கக்கிழமை வரேன்."

சனிக்கிழமை கழக மண்டபத்தின் வாசலில் ஒரு மேசை. மேசைக்குப் பின்னால் ஒரு பெண், அவள் முன் விருந்தினர் பட்டியல். அந்தப் பெண் மேலிருந்து கீழே தேடினாள், கீழிருந்து மேலே தேடினாள். "உங்க பேரு இதுல இல்லையேம்மா," என்றாள்.

"செத்தவரு பொண்டாட்டின்னு இருக்கான்னு பாரு."

அப்படியும் இல்லை. கடைசியில் ‘பார்வையாளர்’ என்று ஒரு அட்டையை மார்பில் குத்தி அனுப்பினாள். உள்ளே மேடைப் பின்துணியில் புருஷன் ஆளுயரத்துக்குச் சிரித்துக்கொண்டிருந்தார். வீட்டில் அப்படிச் சிரித்ததில்லை.

பேராசிரியர் ஒல்லியான மனிதர், கையில் சிவப்பு வெளிச்சம் அடிக்கிற பேனா. களிமண் பலகையில் தானியக் கணக்கு எழுதியதிலிருந்து ஆரம்பித்தார். கயிற்றில் முடிச்சு, தோலில் எழுத்து, மடத்தில் நூலகம் என்று ஆயிரம் வருஷத்துக்கு ஒரு நிமிஷம் வீதம் நடந்தார். மனிதன் எழுதக் கற்றதே எழுதியதைத் தொலைப்பதற்குத்தான் என்று ஒரு வேடிக்கை சொல்லிவிட்டுச் சிரிப்புக்காகக் காத்திருந்தார். இரண்டு பேர் சிரித்தார்கள். ஒருவர் செயலாளர். மகன் இரவல் ஷூவுக்குள் கால் விரல்களை நெளித்துக்கொண்டிருந்தான். முன் வரிசையில் பாதிப் பேர் கண்ணை மூடி யோசித்துக்கொண்டிருந்தார்கள், ஒருவருக்கு யோசனையில் குறட்டையே வந்துவிட்டது.

அப்போது திரையில் அவள் முன்னறை வந்தது.

"இங்கதான் நம்ம மாமேதை வர்றார்," என்றார் பேராசிரியர். "எல்லாரும் கார்டை அகர வரிசையில வச்ச காலம். இவர் டிராயர்கள்ல அகர வரிசையே இல்லை. குழப்பம்னு நினைச்சேன். ரெண்டு நாள் பார்த்தேன், மூணாம் நாள் புரிஞ்சது. ஒவ்வொரு டிராயர்லயும் முன்னால மெல்லிய கார்டு. பின்னால போகப் போகத் துண்டுத்தாள் ஒட்டின கார்டு. கடைசியில ஒட்டு மேல ஒட்டுப் போட்டுத் தடிச்ச கார்டு. அதாவது, எந்த மனுஷனுக்கு வாழ்க்கையில அதிக மாற்றம் நடந்துதோ, அவன் ஆழத்துல இருக்கான். இதுக்கு நான் ‘ஆழ வரிசை’ன்னு பேர் வச்சிருக்கேன். கணினி இன்னிக்கு யோசிக்கிறத இந்த மனுஷர் அன்னிக்கே யோசிச்சுட்டார்."

கைதட்டல் மண்டபத்தைத் தூக்கியது. குறட்டை விட்டவரும் விழித்துத் தட்டினார்.

ஊசியம்மா தட்டவில்லை. புருஷனின் கடைசி வருஷம் முன்னறைக் கூரை ஒழுகியது அவளுக்கு நேற்றுப் போல் இருந்தது. அவர் படுத்த படுக்கையாக உள்ளறையில். மகன் வெளியூரில் வேலை. டிராயர்களில் தண்ணீர் நின்றது. அக்கா ஓடி வந்தாள். இரண்டு பேரும் டிராயர் டிராயராக இறக்கி, தரையில் பரப்பி, கொடி கட்டிக் கிளிப் போட்டு, இரண்டு மின்விசிறியைத் திருப்பி வைத்துக் காயவைத்தார்கள். எதை எங்கே வைப்பது என்று அவள் கேட்டதற்கு அக்கா சலவைக்கூடத்துச் சட்டத்தைச் சொன்னாள். காய்ந்தது முதலில் உள்ளே, காயாதது கடைசியில். துண்டுத்தாளும் பசையுமாகத் தடித்த கார்டுகள்தான் கடைசி வரைக்கும் காயாமல் கிடந்தன. அக்கா அவற்றை அப்பளம் போலத் தட்டித் தட்டிப் பார்த்துப் பின்னால் செருகினாள். உள்ளறையிலிருந்து அவர் குரல் வந்தது. "எல்லாம் வரிசையா வச்சீங்களா?" "வச்சாச்சு, வச்சாச்சு," என்றாள் அவள். மனிதர் நிம்மதியாகத் தூங்கினார்.

பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிவது ஊரில் உண்டு. குரங்கைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொள்கிற கூட்டத்தை அவள் இப்போதுதான் பார்த்தாள். போகட்டும், மேதை என்றே வைத்துக்கொண்டு தூக்கிப் போகட்டும், ரூம் காலியானால் சரி என்று வாயை மூடிக்கொண்டாள்.

ஆனால் பேராசிரியர் முடிக்கவில்லை. "இந்த வரிசையில ஒரு கார்டு இடம் மாறினாக்கூட ஒரு வரலாறே அழிஞ்சிடும். லாரியில ஏத்தி இறக்கறது ஆபத்து. அதனால இன்னிக்குக் காலையில குழு ஒருமனதா முடிவு பண்ணியிருக்கு. பீரோக்கள் அந்த வீட்டுலயே, அந்த அறையிலயே இருக்கும். அது இனிமே நினைவு அறை."

செயலாளர் ஒரு பித்தளைத் தகட்டைத் தூக்கிக் காட்டினார். மறுபடி கைதட்டல்.

"அம்மா," என்று மகன் கிசுகிசுத்தான். "இங்க ஒண்ணும் பேசிடாத. அப்புறம் பாத்துக்கலாம். அப்பா பேரு."

"உங்கப்பா பேருக்குக் கட்டில் வேணாம்டா. உன் பெரியம்மாவுக்கு வேணும்," என்றாள் அவள். மேடையில் கூப்பிட்டார்கள். எழுந்து போனாள்.

"வணக்கம். பேராசிரியர் நல்லாப் பேசினாரு. ஆனா அந்த வரிசைய எங்க வீட்டுக்காரரு வைக்கல. மழைக்குக் கூரை ஒழுகிச்சு, கார்டெல்லாம் நனைஞ்சுபோச்சு. நானும் எங்க அக்காவும் கொடியில போட்டுக் காயவச்சோம். காஞ்சத முன்னால வச்சோம், காயாதத பின்னால வச்சோம். தடிச்ச கார்டு லேசுல காயாது. உங்க ஆழம் அவ்வளவுதான். அவரு அகர வரிசையிலதான் வச்சிருந்தாரு, எல்லாரையும் போல. எங்க அக்காவுக்கு இடுப்பு உடைஞ்சிருக்கு, அந்த ரூம் வேணும். பீரோவ எடுத்துட்டுப் போங்க."

மண்டபம் விழுந்து விழுந்து சிரித்தது, கைதட்டியது. செயலாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டே மைக்கைப் பிடித்தார். "எவ்வளவு பெரிய மேதைக்கும் வீட்டுல மரியாதை இவ்வளவுதான் பாருங்க. என்ன ஒரு நகைச்சுவை உணர்வு." அவள் கையில் ஒரு பூச்செண்டைத் திணித்து இறக்கிவிட்டார்கள். உண்மையைச் சொல்லிக் கைதட்டு வாங்கியது அவள் ஆயுளில் அதுதான் முதல் தடவை. அவமானத்தில் காது சுட்டது.

சிரிக்காதவர் ஒருவர் இருந்தார். தேநீரும் பிஸ்கட்டும் கொடுக்கிற இடத்தில் பேராசிரியர் அவளை ஓரமாக மறித்தார். முகம் வெளுத்திருந்தது.

"அம்மா, ஒரு கேள்வி. மின்விசிறி எந்தப் பக்கம் இருந்துச்சு?"

"சுவர்ப் பக்கம் ஒண்ணு, கதவுப் பக்கம் ஒண்ணு. ஏன்?"

"நடு பீரோவுல மட்டும் வரிசை கொஞ்சம் கலங்கியிருந்துச்சு. அதுக்கு ஒரு அத்தியாயமே எழுதியிருக்கேன். புத்தகம் அச்சுக்குப் போயிடுச்சும்மா."

"அதுக்கு நான் என்ன பண்ணணும்?"

"இன்னொரு தடவை இதச் சொல்லாம இருந்தீங்கன்னா..."

ஊசியம்மா பிஸ்கட்டைத் தேநீரில் நனைத்துத் தின்றாள். படித்த மனிதர் ஒருவர் தன் முன்னால் கெஞ்சுவது அவளுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அதை மறைக்கவும் இல்லை.

"இன்னிக்குச் சிரிச்சாங்க. எல்லாரும் சேர்ந்து கேட்டா சிரிப்புதான் வரும். ஒவ்வொருத்தரா உக்கார வச்சுச் சொன்னா, சிரிக்காம கேக்கறவன் ஒருத்தன் கிடைப்பான். இல்லையா சார்?"

"அப்படிச் செஞ்சிடாதீங்கம்மா."

"அப்ப பீரோ நாளைக்குப் போகணும்."

"குழு முடிவு..."

"குழுவா உங்க புத்தகத்த எழுதிச்சு?"

பேராசிரியர் பிஸ்கட் தட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். "லாரிக்குச் சொல்றேன்," என்றார்.

ஞாயிற்றுக்கிழமை லாரி வரவில்லை. காலையிலிருந்து மழை. தெருவில் எந்த வண்டி உறுமினாலும் அவள் எழுந்து போனாள். இருட்டிய பிறகு தம்பி மகன் போன் செய்து, இல்லத்து வண்டியும் திங்கட்கிழமை ஆஸ்பத்திரிக்கு வருகிறது, எதில் ஏற்றுவது என்று கேட்டான். "எங்க வண்டியில," என்று சொல்லி வைத்துவிட்டாள்.

"பொறுத்தது போதும்மா," என்றான் மகன். "காலையில வரலேன்னா நானே பசங்களக் கூட்டிட்டு வந்து தெருவுல இறக்கிடறேன்."

"அப்பா பொருள்னியே."

"பெரியம்மா அப்பா பொருள் இல்லதான்." அவன் தலையைச் சொறிந்தான். "ஆனா எனக்கு டைபாய்டு வந்தப்ப அவங்கதானே ராத்திரியெல்லாம் உக்காந்திருந்தாங்க."

திங்கட்கிழமை காலை மகன் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிய பிறகு லாரி வந்தது. முன்னால் டிரைவர் பக்கத்தில் பேராசிரியர் குடையோடு உட்கார்ந்திருந்தார். செயலாளருக்குச் சொல்லாமல் வந்திருக்கிறார் என்று முகமே சொல்லியது. சுமை தூக்குகிறவர்கள் பீரோக்களைக் கயிறு போட்டுச் சாய்த்து, முக்கி முனகி, ஒவ்வொன்றாக இறக்கினார்கள். "மெதுவா, மெதுவா. சாய்க்காதீங்க," என்று அவர் பின்னாலேயே ஓடினார். "சாய்க்காம இத ஆகாசத்துலயா பறக்க விடறது?" என்றான் ஒருவன்.

கடைசி பீரோ லாரியில் ஏறும்போது கயிறு நழுவியது. டிராயர்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சறுக்கி வந்து தெருவில் கவிழ்ந்தன. செத்தவனும் இருப்பவனும் பெண்டாட்டி மாற்றியவனும் தூறலில் சிதறிக் கிடந்தார்கள்.

பேராசிரியர் அப்படியே நின்றார். தெருவின் இந்தக் கோடியைப் பார்த்தார், அந்தக் கோடியைப் பார்த்தார். கழகத்து ஆள் யாரும் இல்லை. சட்டென்று குந்தி, இரண்டு கையாலும் கார்டுகளை அள்ளி, கையில் வந்தது வந்தபடி டிராயருக்குள் திணிக்க ஆரம்பித்தார்.

ஊசியம்மா வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சார்," என்றாள். "தடிச்சது பின்னால போகணும்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். அவள் சிரிக்கவில்லை. அவர் தலையைக் குனிந்துகொண்டு, தடித்த கார்டுகளைத் தனியே பொறுக்கத் தொடங்கினார்.

அப்போதுதான் மகனின் வேன் வந்து நின்றது. அக்காவை நாற்காலியோடு இறக்கினார்கள்.

"யாருடி அது, மழையில குந்திக்கிட்டு?"

"பெரிய பேராசிரியர். நீ செஞ்ச வேலையப் பத்திப் புத்தகம் போட்டிருக்காரு."

"நான் என்ன வேலை செஞ்சேன்?" அக்காவுக்கு ஞாபகமே இல்லை. கொஞ்ச நேரம் அவரைப் பார்த்தாள். "பாவம், ஏதோ பொறுக்கித் திங்கற மனுஷன் மாதிரி இருக்காரு. ஒரு கோணிப்பையாவது குடேன்."

முன்னறையில் கட்டிலைப் போட்டார்கள். இத்தனை நாள் பீரோக்கள் மறைத்திருந்த ஜன்னலின் கொக்கி துருவேறிப் போயிருந்தது. மகன் சுத்தியலால் தட்டித் திறந்தான். மழை விட்டுத் தெளிந்த வெளிச்சம் தரை முழுக்க வந்து விழுந்தது. அக்கா காலை நீட்டி, வலி அடங்கும் வரை காத்திருந்து, அறையைச் சுற்றிப் பார்த்தாள்.

"ஏண்டி, இவ்வளவு பெரிய ரூமா இது?"

"ஆமா."

"இவ்வளவு வெளிச்சமும் இங்கதான் இருந்துச்சா? இத வச்சுக்கிட்டா அந்தச் சந்துல உக்காந்து தச்ச?"

ஊசியம்மா பதில் சொல்ல வாயைத் திறந்தாள். அழுகை வந்தது. புருஷன் செத்த அன்று வராத அழுகை. அதில் துக்கம் ஒரு சொட்டும் இல்லை, முழுக்க ஆத்திரம். செத்த மனிதர் மேல் ஆத்திரம், ஒரு கார்டுக்குக் கொடுத்த வெளிச்சத்தைத் தனக்குக் கேட்கத் தெரியாமல் கிழவியானதில் ஆத்திரம். சுவரைப் பிடித்துக்கொண்டு விக்கி விக்கி அழுதாள். மகன் சுத்தியலை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றான்.

அக்கா அவளை அழ விட்டாள். ஓய்ந்த பிறகு சொன்னாள்.

"மிஷின இங்க தூக்கிட்டு வாங்க. எனக்கும் பேச ஆளாச்சு."

ஊசியம்மா முந்தானையில் மூக்கைச் சிந்திக்கொண்டு நடைவழிக்குப் போனாள். மிஷினின் ஒரு பக்கத்தை அவள் பிடித்தாள், மறுபக்கத்தை மகன் பிடித்தான்.